மடங்கிய விரலும் மகவின் திருநாமமும்

ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளியதைச் சொல்லுமிடத்தில் குருபரம்பரை நூல்கள் ஓர் அரிய நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றன. பெரிய நம்பியோடு காஞ்சியிலிருந்து விரைந்து வந்த இளையாழ்வார் திருவரங்கத்தை அடைந்தபோது, ஆசார்யனின் சரமத் திருமேனியையே ஸேவிக்க நேர்ந்தது. அத்திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத திருவுள்ளக் குறைகள் மூன்று உண்டென்று உணர்ந்த இளையாழ்வார், அவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக ஒவ்வொன்றாக உறுதி கூறினார். ஒவ்வோர் உறுதிக்கும் ஒரு விரல் நிமிர்ந்தது.

அம்மூன்றன் வரிசையும் விவரமும் நூலுக்கு நூல் சற்றே வேறுபடும். எனினும் ப்ரஹ்மஸூத்ரத்துக்கு பாஷ்யம் இடுதலும், பராசர மஹர்ஷியின் திருநாமத்தை ஒரு பிள்ளைக்குச் சாற்றுதலும் அவற்றுள் அடங்கியவை என்பதில் வேறுபாடில்லை. வேதாந்தத்துக்கு உரையெழுதுதல் ஒரு தர்சனத்தையே நிலைநிறுத்தும் பெருங்காரியம். ஒரு குழந்தைக்குப் பேரிடுதலோ எவ்வீட்டிலும் நடைபெறும் சிறு சடங்கு. இவ்விரண்டும் ஒரே கையின் இரு விரல்களாக மடங்கியிருந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு நூலைத் தந்த முனிவனுக்கு நன்றி செலுத்தும் வழி, அவன் பேரைப் பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு இடுவது என்று ஆளவந்தார் கருதியிருக்கிறார்.

இச்செய்தி இன்று கருதத்தக்கதாய் இருப்பதற்குக் காரணமுண்டு. ஸ்ரீவைஷ்ணவத் திருமாளிகைகளில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ பேரிடும் காலத்தில் இருவகைக் கருத்துகள் எழுகின்றன. பகவானுடைய திருநாமமன்றி வேறு பேர் இடலாகாது. காவியத்திலிருந்தோ பாட்டிலிருந்தோ ராகத்திலிருந்தோ பேரெடுப்பது உலகியல் மோகம் என்பது ஒரு சாரார் கருத்து. இவர்கள் பெரியாழ்வாரை மேற்கோளாகக் காட்டுவர். நல்ல நூலில் வரும் சொல், செவிக்கினிய ஓசை, பொருட்செறிவு ஆகியவை இருப்பின் குற்றமென்ன என்பது மற்றொரு சாரார் கருத்து. பெரும்பாலும் பாட்டனார் முதற்பக்கத்திலும் பெற்றோர் இரண்டாம் பக்கத்திலும் நிற்பதால், தொட்டிலிடும் நன்னாளிலேயே மனவருத்தம் தோன்றிவிடுகிறது. பூர்வாசார்யர்கள் தம் காலத்தில் எவ்வெப் பேர்களை எவ்வெக் காரணத்தால் இட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், இவ்விரு கருத்துகளுக்கும் உரிய இடம் விளங்கும்.

சாஸ்த்ர நிலை

நாமகரணம் ஸம்ஸ்காரங்களுள் ஒன்று. பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ அது செய்யத்தக்கது என்று மநு ஸ்ம்ருதியின் இரண்டாம் அத்யாயம் விதிக்கிறது. பெண்மக்களின் பேர் எளிதில் உச்சரிக்கத்தக்கதாயும், மனத்துக்கு இனியதாயும், மங்களமானதாயும், நெடில் ஈறு உடையதாயும் இருத்தல் வேண்டும் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஓசையின் இனிமை சாஸ்த்ரத்துக்கு அயலானதன்று என்பதற்கு இதுவே சான்று.

பதஞ்ஜலி முனிவர் மஹாபாஷ்யத்தின் முதல் ஆஹ்நிகத்தில், வ்யாகரணம் கற்பதன் பயன்களைக் கூறுமிடத்தில், பேரிடுதலையும் ஒரு பயனாகக் காட்டுகிறார். யாஜ்ஞிகர்களின் விதியை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதன்படி பேரின் முதலெழுத்து கோஷ ஒலியாதல் வேண்டும். இடையே அந்தஸ்தம் எனப்படும் ய, ர, ல, வ ஆகியவற்றுள் ஒன்று அமைதல் வேண்டும். இரண்டு அல்லது நான்கு அக்ஷரங்கள் இருத்தல் வேண்டும். க்ருத் ப்ரத்யயத்தால் ஆன சொல்லாதல் வேண்டுமேயன்றித் தத்திதமாதல் கூடாது. முன்னோர் மூவரின் தொடர்பும் அதில் விளங்குதல் வேண்டும். க்ருத் எது, தத்திதம் எது என்பதை வ்யாகரணம் கல்லாதவன் அறியான். ஆகவே பிள்ளைக்குப் பேரிடுபவன் சொல்லை அறிந்தவனாயிருத்தல் வேண்டும் என்பது பாஷ்யகாரரின் கருத்து. இங்கே ஓசை, சொல்லமைதி, முன்னோர் நினைவு ஆகிய மூன்றும் ஒருங்கே கேட்கப்படுகின்றன.

இதிஹாச புராணங்களும் இதற்கு இசைவானவையே. சக்ரவர்த்தித் திருமகனுக்கும் தம்பியர்க்கும் வஸிஷ்டர் பேரிட்டதை ஸ்ரீராமாயணம் பாலகாண்டத்தில் கூறுகிறது. ஆய்ப்பாடியில் கம்ஸனுக்கு அஞ்சி மாட்டுத்தொழுவத்தில் மறைவாகக் கர்காசார்யர் பேரிட்டதை ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தில் விவரிக்கிறது. அவ்விடத்தில் கர்கர் பேர்களை மட்டும் சொல்லிப் போகவில்லை. ஒவ்வொரு பேரும் ஏன் பொருந்தும் என்று நந்தகோபருக்கு விளக்குகிறார். பேரும் அதன் காரணமும் சேர்ந்தே அக்குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டன.

பெரியாழ்வார் எதைக் கடிந்தார்

பகவந்நாமமே இடவேண்டும் என்பார்க்கு ஆதாரம் பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியாகும். அதற்கு முந்திய திருமொழி, உயிர் பிரியும் வேளையில் எம்பெருமானை நினைப்பதன் இன்றியமையாமையைச் சொல்லுகிறது. அந்நினைவு அவ்வேளையில் எளிதில் வாராது. நாள்தோறும் நாவில் பழகிய பேரே அப்போதும் வரும். ஆதலால் மகனைக் கூப்பிடும் சாக்கிலாவது அவன் திருநாமம் நாவில் பழகட்டும் என்பது இத்திருமொழியின் உட்கிடை. ஸ்ரீபாகவதம் ஆறாம் ஸ்கந்தத்தில், அஜாமிளன் தன் மக்கள் பதின்மருள் இளையவனை நாராயணன் என்று கூவியழைத்து யமபடரிடமிருந்து தப்பிய வரலாறும் இக்கருத்தினதே.

ஆயினும் ஆழ்வார் இங்கே கடிந்துரைப்பது எதை என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். காசுக்கும், உடுக்கும் துணிக்கும், தலைக்கு எண்ணெய்க்கும், குழந்தையின் சுட்டிக்கும் வளைக்கும் ஆசைப்பட்டு, அவற்றைக் கொடுக்கவல்ல மனிதரின் பேரைப் பிள்ளைக்கு இடுவாரைத்தான் அவர் கடிகிறார். பொருளுடையான் ஒருவன் மகிழ்ந்து ஏதேனும் தருவான் என்று அவன் பேரைத் தம் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்திருக்கிறது. பிச்சையெடுத்து உண்ணும் நிலை வரினும் எம்பெருமான் திருநாமத்தையே விரும்புங்கள் என்று அவர் அறிவுறுத்துவதும் இதனாலேயே. பேர் விலைக்கு விற்கப்படுவதே அவர் கண்ட குற்றம்.

இத்திருமொழியில் ஆழ்வார் நம்பி என்ற உலகவழக்குப் பேரையும் எள்ளுகிறார்; அத்தகைய பேர்கள் நாலு நாளில் அழிந்துபோகும் என்கிறார். ஆனால் அதே சொல் திருக்குறுங்குடி எம்பெருமானுக்குத் திருநாமம். பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலை நம்பி என்று எம்பெருமானாரின் ஆசார்யர் மூவர் அச்சொல்லைத் தாங்கியவர்கள். ஒரே சொல் ஓரிடத்தில் எள்ளத்தக்கதாகவும் மற்றோரிடத்தில் தலைமேற்கொள்ளத்தக்கதாகவும் நிற்கிறது. ஆகவே குணமும் குற்றமும் எழுத்தில் இல்லை; அச்சொல் யாரை நினைந்து இடப்பட்டது என்பதில் இருக்கின்றன.

இதற்கு ஆழ்வாரின் சொந்தத் திருமாளிகையே மற்றொரு சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்தில் திருத்துழாயடியில் கண்டெடுத்த பெண்மகவுக்கு அவர் சாற்றிய திருநாமம் கோதை. அது எம்பெருமானுடைய ஆயிரம் திருநாமங்களுள் ஒன்றின் பெண்பால் வடிவமன்று. மாலை என்று பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். பகவந்நாமமே இடுமின் என்று பத்துப் பாசுரங்களில் உபதேசித்தவர், தம் மகளுக்கு மாலை என்று பேரிட்டது முரணாகுமா? ஆகாது. வடபெருங்கோயிலுடையானுக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சமர்ப்பித்தவர் அவர். மாலை எப்போதும் அவனுக்கே உரியது. ஆகவே அப்பேரை அழைக்கும்தோறும் அழைப்பவன் நினைவு மாலையில் நில்லாமல் மாலையை அணிபவனிடத்தே போய்ச் சேரும். பின்னாளில் அம்மாலையே சூடிக்கொடுத்த மாலையாயிற்று.

கேட்ட பாட்டு பேரானது

இனி, பாட்டிலிருந்து பேர் எழுவதை நோக்குவோம். இன்றும் நம் குடும்பங்களில் வழங்கும் ஆராவமுதன் என்ற திருநாமம் திருக்குடந்தை எம்பெருமானுக்கு உரியது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் எட்டாம் திருவாய்மொழியால் அவனை அவ்வாறு விளித்தார். இப்பதிகத்தால் ஸம்ப்ரதாயத்துக்கு விளைந்த நன்மை அளவிடற்கரியது. வீரநாராயணபுரத்தில், அதாவது இன்றைய காட்டுமன்னார்கோயிலில், எழுந்தருளியிருந்த நாதமுனிகள், யாத்திரையாக வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் அப்பதிகத்தை இசையோடு ஸேவிக்கக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்ற குறிப்பு அதில் இருப்பதைக் கண்டு, மற்றவை எங்கே என்று வினவினார். அவர்கள் அறியார். நாதமுனிகள் திருக்குருகூர் சென்று, மதுரகவிகளின் பிரபந்தத்தைப் 12,000 உரு ஸேவித்து, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

பெற்றவற்றை அவர் ஏட்டில் மட்டும் வைக்கவில்லை. மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்ற மருமக்கள் இருவரைக் கொண்டு தாளத்தோடு இசைப்படுத்தினார். இன்றளவும் அரையர் ஸேவை அவ்வழியில் நிற்கிறது. ஆகவே ஒரு தந்தை தன் மகனை ஆராவமுதா என்று அழைக்கும்போது, குடந்தைக் கிடந்தானை மட்டும் அழைப்பதன்று. அப்பாட்டைப் பாடிக்கொண்டு வந்த பேர் தெரியாத யாத்திரிகர்களையும், அதைக் கேட்டு நெஞ்சு நெகிழ்ந்த நாதமுனிகளையும் நினைப்பதாகிறது. இசையால் எழுந்த பேர் பகவந்நாமமாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஸஹஸ்ரநாமத்தின் தொடக்கத்தில் பீஷ்மர் தாம் சொல்லப்போகும் திருநாமங்களைப் பற்றிச் சொல்லுமிடத்திலும் இக்கருத்து உள்ளது. அவை குணங்களைப் பற்றி வந்தவை என்றும் ரிஷிகளால் பாடப்பட்டவை என்றும் அவர் அறிமுகம் செய்கிறார். அவன் திருநாமங்களும் பாடப்பட்டே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நூலாசிரியன் பேர் பிள்ளைக்கு

இனி மடங்கிய விரலுக்கு வருவோம். ஸ்ரீவிஷ்ணுபுராணம் ஆறு அம்சங்களைக் கொண்டது. சித், அசித், ஈச்வரன் என்னும் தத்துவங்களின் இயல்பை உள்ளபடி காட்டிய உபகாரத்துக்காகப் பராசர முனிவரை ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தின் தொடக்கத்திலேயே வணங்குகிறார். வணங்கியும் அவர் திருவுள்ளம் நிறையவில்லை. ஸ்தோத்ரம் வித்வான்களின் நாவில் வாழ்வது. பேரோ அடுக்களையிலும் திண்ணையிலும் தெருவிலும் வாழ்வது. முனிவனின் பேர் அங்கெல்லாம் ஒலிக்கவேண்டும் என்று அவர் எண்ணினார் போலும்.

1017ஆம் ஆண்டில் திருவவதரித்த எம்பெருமானார்க்கு அவருடைய மாமனாரன்று, அம்மானாகிய பெரிய திருமலை நம்பி சாற்றிய திருநாமம் இளையாழ்வார் என்பது. ஸ்ரீராமாயணத்து இளைய பெருமாளை நினைந்து இட்ட பேர் அது. காவியத்திலிருந்து பேர் பெற்ற அவரே, நெடுங்காலம் கழித்து, ஆளவந்தாருக்குக் கொடுத்த வாக்கைத் திருவரங்கத்தில் நிறைவேற்றினார். கூரத்தாழ்வானுக்கு அரங்கன் பிரசாதத்தின் பயனாக இரு குமாரர்கள் பிறந்தனர். எம்பெருமானார் எம்பாரை அனுப்பிக் குழந்தையை எடுத்துவரச் செய்தார். வரும் வழியில் எம்பார் குழந்தைக்குக் காப்பாகத் த்வயத்தை அநுஸந்தித்துக்கொண்டே வந்தார். அதை உணர்ந்த எம்பெருமானார், அவரையே குழந்தைகளுக்கு ஆசார்யராக நியமித்தார். ஒரு பிள்ளைக்குப் பராசர பட்டர் என்றும், ஸ்ரீராமப் பிள்ளை என்றும் வழங்கப்படும் மற்றொரு பிள்ளைக்கு வேதவ்யாஸ பட்டர் என்றும் திருநாமம் சாற்றினார். எம்பாரின் தம்பியாகிய சிறிய கோவிந்தப் பெருமாளின் குமாரருக்கு நம்மாழ்வார் நினைவாகப் பராங்குச நம்பி என்ற திருநாமத்தைச் சாற்றினார். பெரிய திருமலை நம்பியின் திருக்குமாரர் திருக்குருகைப்பிரான் என்ற திருநாமத்தால் ஆழ்வார் அவதரித்த ஊரையே பேரில் தாங்கினார். வடமொழி முனிவர் இருவர்க்கும் தமிழ் மறை தந்த ஆழ்வாருக்கும் ஒரே தலைமுறைக் குழந்தைகள் பேர் தாங்கியது, உபய வேதாந்தம் என்பது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று என்பதைக் காட்டும்.

இப்பேர்கள் வெறும் பேர்களாக நின்றுவிடவில்லை என்பதே முக்கியமானது. பராசர பட்டர் வளர்ந்து, பகவத்குண தர்ப்பணம் என்ற ஸஹஸ்ரநாம பாஷ்யத்தை அருளிச்செய்தார். ஆயிரம் திருநாமங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணத்தைக் காட்டும் என்று நிறுவிய நூல் அது. பேருக்குப் பொருளுண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியவர், ஒரு பொருளுக்காகவே பேரிடப்பெற்றவர். திருக்குருகைப்பிரான் பிள்ளான் எம்பெருமானார் நியமனப்படி திருவாய்மொழிக்கு முதல் வ்யாக்யானமாகிய ஆறாயிரப்படியை அருளினார். 32 எழுத்துகள் கொண்டது ஒரு கிரந்தம். அக்கணக்கில் ஆறாயிரம் கிரந்தம் என்பது ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு என்று பெரியோர் கூறுவர். குருகையின் பேர் தாங்கியவர் ஆழ்வாரின் நூலுக்குப் பராசரருடைய நூலின் அளவில் உரை செய்தார்.

இன்னும் ஒன்று. அந்த ஸ்ரீவிஷ்ணுபுராணத்துக்கு விஷ்ணுசித்தீயம் என்ற வ்யாக்யானத்தை அருளியவர் திருவெள்ளறையைச் சேர்ந்த எங்களாழ்வான். அவருடைய இயற்பேர் விஷ்ணுசித்தர். அதாவது பெரியாழ்வாரின் திருநாமம். பகவந்நாமமே இடுமின் என்ற ஆழ்வாரின் பேரைத் தாங்கியவரே, ஆளவந்தார் கொண்டாடிய முனிவரின் நூலுக்கு உரை வகுத்தார். பேர் வழியே நூலும் நூல் வழியே பேரும் ஒன்றையொன்று வளர்த்த வரலாறு இது.

ஒரே திருமாளிகையில் இரண்டு திருவுள்ளம்

இன்று நம் வீடுகளில் எழும் கருத்து வேற்றுமை, நம்பிள்ளை காலத்திலேயே மிக மென்மையாக ஒருமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. கந்தாடை தோழப்பர் ஒருசமயம் நம்பிள்ளையைக் கடிந்து பேசிவிட்டு, பின்பு வருந்தி க்ஷமை வேண்டப் புறப்பட்டார். தம் வீட்டு வாசலிலேயே நம்பிள்ளை கிடப்பதைக் கண்டார். பிழை தம்மதே என்று நம்பிள்ளை முன்னதாக வந்து க்ஷமை வேண்டிக் கிடந்தார். அப்பணிவைக் கண்டு உருகிய தோழப்பர், இவர் சிலருக்கு மட்டுமன்று, உலகுக்கே ஆசார்யர் என்று லோகாசார்யர் என்னும் விருதைச் சாற்றினார்.

நம்பிள்ளையின் சிஷ்யராகிய வடக்குத் திருவீதிப் பிள்ளைக்கு ஒரு குமாரர் பிறந்தார். சிஷ்யர் தம் ஆசார்யனின் அவ்விருதையே பிள்ளைக்குத் திருநாமமாக இட்டார். நம்பிள்ளையோ அழகிய மணவாளன் என்று அரங்கனின் திருநாமத்தைச் சாற்றத் திருவுள்ளம் பற்றியிருந்தார். சிஷ்யனுக்கு ஆசார்யன் பேரே எல்லாம். ஆசார்யனுக்கோ தன் பேர் வேண்டாம், பெருமாள் திருநாமமே வேண்டும். இருவரும் தத்தம் நிலைக்கு ஏற்றதையே விரும்பினர். இட்ட பேரை மாற்றும்படி நம்பிள்ளை பணிக்கவில்லை. பின்பு இரண்டாம் குமாரர் பிறந்தபோது அவருக்கு அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்ற திருநாமம் சாற்றப்பட்டது. முதல்வர் பிள்ளை லோகாசார்யராய் ஸ்ரீவசனபூஷணம் முதலிய ரஹஸ்யங்களை அருளினார். இளையவர் ஆசார்ய ஹ்ருதயத்தை அருளினார். இரு பேர்களுள் எது உயர்ந்தது என்று அவ்வீட்டில் ஒருவரும் வழக்காடியதாக வரலாறு இல்லை.

1370இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாள மாமுனிகள், துறவு கொள்வதற்கு முன் தமக்கு ஒரு குமாரர் பிறந்தபோது, என்ன பேரிடலாம் என்று தம் ஆசார்யராகிய திருவாய்மொழிப் பிள்ளையை விண்ணப்பித்தார். இதை யதீந்த்ர ப்ரவண ப்ரபாவம் கூறுகிறது. திருவரங்கத்தமுதனார் அருளிய நூற்றந்தாதியின் 108 பாசுரங்களிலும் இராமாநுசன் என்ற திருநாமம் அமைந்திருக்கிறது. ஒரு நூல் முழுவதும் ஓதிய பேர் இருக்க வேறு பேர் தேடுவானேன் என்ற கருத்தில் பிள்ளை அத்திருநாமத்தையே அருளினார். பேருக்காகப் பிரபந்தத்தைத் திறந்து பார்ப்பது ஆசார்யர்கள் அறியாத புதுமையன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி போதும்.

நாம ஸம்ஸ்காரம்

இவ்வளவையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால், ஆசார்யர்கள் இட்ட பேர்களில் பகவந்நாமம், பாகவதர் பேர், நூலாசிரியன் பேர், திவ்யதேசத்தின் பேர் ஆகிய யாவும் உள்ளன. பெரியாழ்வாரின் உபதேசத்துக்கு இவை மாறுபட்டனவல்ல, அதன் விரிவே. விப்ரநாராயணர் என்று பகவந்நாமத்தையே இயற்பேராகக் கொண்டிருந்த ஆழ்வார், அடியார்களின் திருவடித் தூள் என்று பொருள்படும் தொண்டரடிப்பொடி என்ற பேரை மேற்கொண்டார். எம்பெருமான் பேருக்கும் மேலாக அவன் அடியாரின் அடிப்பொடியாக அழைக்கப்படுவதை அவர் விரும்பினார். ஸ்ரீவைஷ்ணவர்க்கு உரிய பஞ்ச ஸம்ஸ்காரங்களுள் நாமமும் ஒன்று. பெற்றோர் இட்ட பேர் எதுவாயினும், ஆசார்யன் அதற்குமேல் ராமாநுஜதாஸன் என்ற தாஸ்ய நாமத்தைச் சாற்றுகிறான். பிறப்பால் வரும் பேர் பெற்றோரின் விருப்பம். இது ஸம்பந்தத்தால் வரும் பேர். இரண்டாவது நாமம் உண்டென்ற உறுதியால்தான், முதற்பேரில் நம் முன்னோர் இத்துணை இடங்கொடுத்தனர் எனலாம்.

எனவே, இலக்கியத்திலிருந்தும் இசையிலிருந்தும் பேரிடலாமா என்ற கேள்விக்கு, இடலாம் என்பதே பூர்வர்களின் அநுஷ்டானம் தரும் விடை. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையை வாயால் சொல்லாமல் செய்துகாட்டினார்கள். பேரைக் கொடுத்தவர்கள் அப்பேர் எழுந்த நூலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பராசரர் என்று பேரிட்டபின் அக்குழந்தையைக் கூரத்தாழ்வானும் எம்பாரும் சாஸ்த்ரம் கற்பித்து வளர்த்தனர். குருகைப்பிரான் என்று பேர் தாங்கியவருக்கு ஆழ்வாரின் பாசுரப் பொருள் அனைத்தும் எம்பெருமானார் திருவாக்காலேயே கிடைத்தது. பேர் ஒரு கடன். கற்பித்தலே அக்கடனைத் தீர்க்கும் வழி.

இந்த அளவுகோலால் பார்த்தால் இருசாராரும் தம்மைச் சோதித்துக்கொள்ள இடமுண்டு. பகவந்நாமம் இட்டும், பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து அதைச் சுருக்கி இரண்டெழுத்துச் செல்லப்பேராக்கி, திருநாமம் ஒருமுறையேனும் முழுமையாக ஒலிக்காத வீடு உண்டு. அங்கே பெரியாழ்வார் விரும்பிய நாப்பழக்கம் எங்ஙனம் கைகூடும்? மறுபுறம், காவியத்தில் கண்ட அழகிய பேரை இட்டுவிட்டு, அக்காவியத்தின் ஒரு ஸர்க்கத்தையும் பிள்ளைக்குச் சொல்லாத வீடும் உண்டு. அங்கே பேர் அணியாகி நிற்கிறதேயன்றி நினைவாகவில்லை. எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்வம் வருமென்று பேரமைப்பது, காசுக்காகப் பேரிடுவதை ஆழ்வார் கடிந்த இடத்துக்கே நம்மை மீண்டும் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே கொடுக்கும் மனிதன் ஒருவன் இருந்தான்; இங்கே அவனும் இல்லை.

ராகத்தின் பேரையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்குக் கல்யாணி என்று பேரிடுகிறார்கள். பெற்றோர் ராகத்தை நினைந்து இட்டிருக்கலாம். அச்சொல் மங்களமானவள் என்று பொருள்படும். மநு கூறிய இலக்கணம் முழுதும் அதற்குண்டு. திருநாராயணபுரத்துப் புஷ்கரிணிக்கும் கல்யாணி என்றே பேர். எம்பெருமானார் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்த காலத்தோடு சேர்த்து நினைக்கப்படும் தீர்த்தம் அது. எம்பெருமானின் கல்யாண குணங்கள் என்பது நம் க்ரந்தங்களில் வரிதோறும் வரும் வழக்கு. பேரன்மார் பேர்த்திமார் பேர்களைக் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர், சுளிப்பதற்கு மாறாக இவற்றை அக்குழந்தைக்கு எடுத்துச் சொன்னால், ராகத்தின் பேரே தீர்த்தத்தின் பேராகவும் குணத்தின் பேராகவும் ஆகிவிடும். மாட்டுத்தொழுவத்தில் கர்கர் செய்ததும் இதுதான். பேரிட்ட பின்னும் அதன் பொருளைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மாறன், கோதை, நப்பின்னை போன்ற பேர்களை இன்று தமிழ்நாட்டில் ஸம்ப்ரதாயத் தொடர்பில்லாதவரும் தமிழின் இனிமை கருதி இடுகின்றனர். அதற்காக வருந்த இடமில்லை. திருக்குருகூர்ப் பிள்ளையின் பேர் தெருவெல்லாம் ஒலிப்பது ஆளவந்தாரின் திருவுள்ளத்துக்கு உகந்ததாகவே இருக்கும். வருந்தத்தக்கது வேறொன்று. அப்பேர் தாங்கிய பிள்ளை ஒருநாள் வந்து, தன் பேருக்குப் பொருள் என்ன என்று கேட்கும்போது, திருமாளிகையில் பிறந்து வளர்ந்தவரே விடை சொல்ல அறியாமல் நிற்பாராயின் அதுவே குறை.

ஆளவந்தார் தம் விரலை மடக்கியது ஒரு பேருக்காக. அவ்விரல் நிமிர்ந்தது உறுதியுரை கேட்டு. அவ்வுறுதி முற்றும் நிறைவேறியதோ, அப்பேர் தாங்கிய பிள்ளை தன் கையால் ஓலையெடுத்துத் திருநாமங்களின் பொருளை எழுதத் தொடங்கிய நாளில்.